ஸ்பானிய மிஷன்கள் ஓலோனி மக்களுக்கு நன்மை செய்தனவா, அவர்களை அழித்தனவா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் வசிக்கும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் நான்காம் வகுப்பில் கலிஃபோர்னியா மிஷன்களைப் பற்றிப் படிக்கிறாள். குடும்பத்தோடு மிஷன் சான் ஹோசேவைப் பார்க்கப் போனபோது, பழங்குடிகளுக்கு விவசாயமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்த இடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறார்கள். வீடு திரும்பி இணையத்தில் தேடினால், அங்கே நடந்தது இனப்படுகொலை என்று இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது, அந்தப் பகுதியின் பழங்குடிகளான ஓலோனி மக்களில் யாராவது இன்றும் இருக்கிறார்களா என்பது அவருடைய கேள்வி. பாதிரியார்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று விசாரித்தால் இதற்கு விடை கிடைக்காது. மக்கள் ஏன் மிஷனுக்குள் போனார்கள், போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரித்தால் கிடைக்கும். ஸ்பானிய அமெரிக்காவின் காலனிய வரலாற்றை முறையாகப் படித்தவன், மிஷன்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளோடும் அடக்கப் பதிவேடுகளோடும் சில ஆண்டுகள் உழன்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியும்; ஓலோனி மொழிகளில் எதுவும் தெரியாது. ஆகவே அவர்கள் தரப்பை நான் அறிந்தது பெரும்பாலும் பிறர் எழுதிவைத்ததன் வழியாகத்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது. மிஷன் என்றதும் தமிழர்களாகிய நமக்கு மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வருகின்றன. காலையில் போய்ப் படித்துவிட்டு மாலையில் வீட்டுக்குத் திரும்பலாம். மருந்து வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகலாம். மதம் மாறுவதும் மாறாததும் அவரவர் முடிவு. கலிஃபோர்னியாவில் மிஷன் என்பது ஒரு முழுக் குடியிருப்பு. தேவாலயம், களஞ்சியம், நெசவுக்கூடம், தோல் பதனிடும் தொட்டிகள், மந்தைகள், வயல்கள், அருகிலேயே சிப்பாய்கள் எல்லாம் சேர்ந்தது அது. ஞானஸ்நானம் பெற்றவர் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும், மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் வேலைக்குப் போக வேண்டும். சொந்த ஊருக்குப் போக பாதிரியாரின் அனுமதி தேவை. அது சில நாள்களுக்கு, சில வேளைகளில் மட்டுமே கிடைக்கும். அனுமதியின்றிப் போனவர் ஓடிப்போனவராகக் கருதப்பட்டார், அவரைப் பிடித்துவர ஆட்கள் அனுப்பப்பட்டனர். தலையில் தண்ணீர் ஊற்றிய அந்த ஒரு நாளுக்குப் பின் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பதை, அதைப் பெற்றுக்கொண்டவர்களில் எத்தனை பேர் முன்கூட்டிப் புரிந்துகொண்டிருப்பார்கள்?

ஓலோனி என்பது அந்த மக்கள் எல்லாரும் தமக்கு வைத்துக்கொண்ட பொதுப்பெயர் அன்று. சான் மடேயோ கடற்கரையில் இருந்த ஒரு சிறு குழுவின் பெயரிலிருந்து அது பரவியது. அதற்கு முன் ஸ்பானியர்கள் கடற்கரை மக்கள் என்ற பொருளில் சூட்டிய கோஸ்டானோன் என்ற பெயரே ஏடுகளில் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து மான்டெரே விரிகுடா, சலீனாஸ் பள்ளத்தாக்கு வரை, ஐம்பதுக்கும் குறையாத சிறு சிறு சுதந்திரக் குழுக்களாக அவர்கள் வாழ்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் தனி எல்லையும் தனித் தலைமையும் உண்டு. சோச்சென்யோ, ராமாய்துஷ், தாம்யென், முட்சுன், ரம்சென் என ஒன்றுக்கொன்று உறவுள்ள பல மொழிகள் புழங்கின. ஓக் மரக் கொட்டைகளை இடித்து, மாவைத் திரும்பத் திரும்ப நீர் ஊற்றி அலசிக் கசப்பை நீக்கி, கூழாகக் காய்ச்சுவார்கள். அதோடு கடற்கரை மட்டிகள், மீன், புல்விதைகள், மான். கோரைப்புல்லால் படகும், தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகக் கூடையும் பின்னினார்கள். குறிப்பிட்ட காலத்தில் புல்வெளிகளுக்குத் தீயிட்டு அடுத்த ஆண்டின் விதை விளைச்சலைப் பெருக்குவதும் அவர்கள் வழக்கம். உழவு தெரியாதவர்களுக்கு உழவு கற்றுக்கொடுத்தோம் என்ற வாதம், நிலத்தைப் பேணும் இந்த அறிவைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

1769-இல் ஸ்பானியத் தளபதி போர்த்தொலாவின் படை தெற்கிலிருந்து வந்து முதன்முதலாக இந்த விரிகுடாவைக் கண்டது. 1770-இல் மான்டெரேயில் கோட்டையும் மிஷனும் நிறுவப்பட்டன. பிரான்சிஸ்கன் சபையின் ஹுனிபெரோ செர்ரா மறு ஆண்டே மிஷனை கார்மெலுக்கு மாற்றினார். அங்கே நல்ல நிலமும் நீரும் இருந்தன என்பது ஒரு காரணம், கோட்டைச் சிப்பாய்களிடமிருந்து பெண்களைத் தள்ளி வைப்பது மற்றொரு காரணம். சிப்பாய்கள் பெண்களைப் பலாத்காரம் செய்வதைப் பற்றி செர்ராவே தம் மேலதிகாரிகளுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். அதன்பின் 1776-இல் சான் ஃபிரான்சிஸ்கோ, 1777-இல் சான்டா கிளாரா, 1791-இல் சான்டா குரூஸும் சோலெடாடும், 1797-இல் நீங்கள் பார்த்துவந்த சான் ஹோசேயும் சான் ஹுவான் பவுட்டிஸ்டாவும் என்று, ஓலோனி நிலத்தில் மட்டும் ஏழு மிஷன்கள் எழுந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த 21 மிஷன்களில் மூன்றில் ஒரு பங்கு அது.

இப்போது பதிவேடுகளுக்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் வரிசை எண், புதிய ஸ்பானியப் பெயர், பழைய பெயர், உத்தேச வயது, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் என்று பாதிரியார்கள் தம் கையாலேயே எழுதி வைத்தனர். இறந்தால் அடக்கப் பதிவேட்டில் அதே எண்ணைக் குறித்தனர். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தொடரலாம். பெரும்பாலும் தொடர வேண்டிய தூரம் அதிகம் இராது. ஒரு பக்கத்தில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கப்படும். சில பக்கங்கள் தள்ளி அதே எண் அடக்கத்தில் வந்துவிடும். முதல் சில நாள்கள் இது வெறும் எண்ணாகத்தான் கண்ணில் படும். பிறகு ஒரே ஊரின் பெயர் அடுத்தடுத்து வருவதையும், பின்னர் அந்த ஊரின் பெயர் அடியோடு நின்றுபோவதையும் காணும்போது, ஊர் காலியாகிவிட்டது என்பது புரியும். சான் ஃபிரான்சிஸ்கோ மிஷனில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட பழங்குடிகள் அடக்கம் செய்யப்பட்டனர். 1806-ஆம் ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே தட்டம்மை பரவியபோது, விரிகுடாப் பகுதி மிஷன்களில் இருந்த பழங்குடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்துபோனார். இந்த எண்களை மிஷன்களின் எதிரிகள் யாரும் புனையவில்லை. பாதிரியார்கள் எழுதிய கணக்கிலிருந்தே வருகின்றன. ஆகவே இவை உறுதியானவை.

நோய்க்கு யாரைக் குறை சொல்வது என்று கேட்பார்கள். கிருமியை யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை என்பது சரிதான். ஆனால் சிதறி வாழ்ந்த மக்களை ஓரிடத்தில் நெருக்கியது மிஷனின் ஏற்பாடு. மணமாகாத பெண்களையும் சிறுமிகளையும் இரவில் காற்றோட்டமற்ற ஒரே கூடத்தில் அடைத்துப் பூட்டியதும் ஏற்பாடுதான். கற்பைக் காக்க என்று சொல்லப்பட்ட அந்தக் கூடத்தில் காய்ச்சலும் இருமலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவ ஒரு இரவு போதும். சிப்பாய்கள் வழியாக வந்த மேகநோய் பெண்களின் கருவையும் பாதித்தது. பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி வளரவில்லை; ஆகவே மிஷனின் தலைக்கணக்கு குறையாமலிருக்க, மேலும் மேலும் தொலைவிலிருந்து புதியவர்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பின்னாளில் சான் ஹோசே மிஷனில் யோகுட், மிவோக் என்ற வேறு பழங்குடி மக்கள் மிகுந்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மக்கள் ஏன் உள்ளே போனார்கள்? ராண்டல் மில்லிகென் என்ற மானிடவியலாளர் பதிவேடுகளை ஊர் ஊராகப் பிரித்து ஆராய்ந்து காட்டியிருப்பதை நான் ஏற்கிறேன். எல்லாரையும் கயிற்றில் கட்டி இழுத்துவந்தார்கள் என்பதும் தவறு, எல்லாரும் மனமுவந்து வந்தார்கள் என்பதும் தவறு. தொடக்கத்தில் சிலர் புதுமையை நாடியும், துணிக்கும் கண்ணாடி மணிகளுக்கும் ஆசைப்பட்டும், நோயுற்ற குழந்தையைக் காப்பாற்றிவிடும் சடங்கோ என்ற நம்பிக்கையிலும் வந்திருக்கிறார்கள். 1777-இல் சான்டா கிளாராவில் குழந்தைகளிடையே கொள்ளைநோய் பரவியபோது பெற்றோர் இப்படிக் கொண்டுவந்த குழந்தைகள் பலர். ஆனால் போகப்போக வெளியே இருப்பதற்கான ஆதாரமே கரைந்தது. மிஷன் மந்தைகள் புல்விதைகளைத் தின்றுதீர்த்தன. புல்வெளிகளுக்குத் தீ வைப்பதை 1793-இல் ஆளுநர் அர்ரில்யாகா தடைசெய்தார். உறவினர்களில் பாதிப்பேர் உள்ளே இருக்கும்போது, பெண் கொடுத்து எடுக்கவும் சடங்கு நடத்தவும் வெளியே ஆளில்லை. 1794-95 குளிர்காலத்தில், வறட்சியும் சேர்ந்துகொள்ள, நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வந்து ஞானஸ்நானம் பெற்றனர். இதை விருப்பம் என்று எழுதுவது எனக்குக் கூசுகிறது. கிணறு வற்றிய ஊரிலிருந்து கிளம்புகிறவரை, அவர் பட்டணத்தின் மேல் ஆசைப்பட்டுப் போகிறார் என்று சொல்வதுபோல் இருக்கும்.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 1793 டிசம்பரில் கிரோஸ்டெ என்ற ஓலோனிக் குழுவினர் சான்டா குரூஸ் மிஷனைத் தாக்கினர். அதைவிடப் பெரிதாக, 1795-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மிஷனிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் விரிகுடாவின் மறுகரைக்கு ஓடிப்போனார்கள். 1797-இல் அவர்களில் சிலரைச் சிப்பாய்கள் பிடித்துவந்தபோது, ஏன் ஓடினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, கோட்டைத் தளபதி ஆர்குவெய்யோ பதில்களை எழுதிவைத்தார். என் படிப்பில் நான் பார்த்த ஆவணங்களில் என்னை அதிகம் உலுக்கியது அந்தச் சிறிய பட்டியல்தான். திபுர்சியோ என்பவர் தம் மனைவியும் மகளும் இறந்தபின் அழுததற்காக பாதிரியார் டான்டியின் உத்தரவால் ஐந்து முறை சாட்டையடி பட்டதாகச் சொல்கிறார். மிலான் என்பவர் நாள் முழுதும் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தும் மனைவிக்கும் குழந்தைக்கும் சோறு கிடைக்காததால், வேலை முடிந்து மாலையில் மட்டி பொறுக்கப் போனார். அதற்காக டான்டி அவரை அடித்தார். மறுநாள் மறுகரைக்கு ஓடினார். அங்கே மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். லிபொராடோ என்பவர் தம் தாயும் இரு சகோதரர்களும் மூன்று மருமக்களும் பசியால் இறந்ததாகவும், தானும் அப்படிச் சாகாமலிருக்க ஓடியதாகவும் சொல்கிறார். இன்னொருவர் நோயுற்றிருந்தபோது, கால்களை மாட்டிப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டப்பட்டதைச் சொல்கிறார். கேட்டவர் ஸ்பானிய அதிகாரி, எழுதியதும் ஸ்பானியர்களே. பழங்குடிகளுக்குச் சாதகமாகக் கதை கட்ட அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அந்த விசாரணை நடந்ததற்கு ஒரு பாதிரியாரும் காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஹோசே மரியா ஃபெர்னாண்டெஸ் என்ற இளம் பாதிரியார் தம் சகபாதிரியார்களின் கொடுமையைப் பற்றி ஆளுநர் போரிக்காவிடம் முறையிட்டார். போரிக்காவும் வேலையைக் குறைத்து உணவைக் கூட்டும்படி அழுத்தம் கொடுத்தார். ஆகவே அந்தக் காலத்து அளவுகோலில் அது சாதாரணம்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் காலத்திலேயே, அந்தச் சபைக்குள்ளேயே, அது தவறு என்று சொன்னவர் இருந்தார். மறுபுறம், பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதுபோல ஆன்மிகத் தந்தையர் இந்தியர்களை அடிப்பது பழைய வழக்கமே என்று 1780-இல் செர்ரா எழுதினார். அவர் அதை மனமார நம்பினார் என்றே நான் நினைக்கிறேன். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது ஓலோனி வழிவந்தோர் பலர் எதிர்த்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

வெளியாரின் பார்வையும் நமக்குக் கிடைக்கிறது. 1786-இல் பிரெஞ்சுக் கடற்பயணி லா பெரூஸ் கார்மெல் மிஷனைப் பார்த்தார். பாதிரியார்களின் விருந்தோம்பலைப் பாராட்டினார். ஆனாலும் விலங்கிட்ட ஆண்களையும் பெண்களையும், தொழுமரத்தில் மாட்டப்பட்டவர்களையும் கண்டு, சாட்டையின் ஓசையையும் கேட்டு, கரீபியனில் உள்ள அடிமைத் தோட்டங்களே நினைவுக்கு வருவதாக எழுதினார். அதே குறிப்பில், பெண்கள் பார்லியை மரப்பட்டைக் கூடையில் கனலோடு இட்டு, கூடை கருகாமல் தானியம் மட்டும் பொரியும்படி விரைவாகக் குலுக்கி வறுத்ததை வியந்து எழுதுகிறார். அந்தக் கைத்திறனை எந்த மிஷனும் கற்றுத்தரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் பழைய மிஷன் தேவாலயம் இன்றும் நிற்கிறது. போனால் தலையை நிமிர்த்தி விட்டத்தைப் பாருங்கள். அங்கே வரிவரியாகத் தீட்டியிருக்கும் கோணல்கோடுகள் ஓலோனிக் கூடைகளின் பின்னல் கோலம்.

உறுதியில்லாதவை எவை? 1769-இல் எத்தனை பேர் இருந்தனர் என்பதே முதலாவது. சுமார் 7,000 என்று ஒருவர், 10,000 என்று ஒருவர், அதைவிட மிக அதிகம் என்று வேறு சிலர் மதிப்பிடுகின்றனர். 10,000 என்று கொண்டால், 1832-இல் எஞ்சியவர் 2,000-க்கும் குறைவு. தொடக்க எண் மாறினாலும் சரிவின் திசை மாறாது. இரண்டாவது, 1812-இல் சான்டா குரூஸ் மிஷனின் பாதிரியார் கின்டானா கொல்லப்பட்ட கதை. முனையில் கம்பி வைத்த புதிய சாட்டையைச் செய்ததால் அவரைக் கொன்றனர் என்று லொரென்ஸோ அசிசாரா என்ற ஓலோனி 1877-இல் சொன்னார். பழங்குடி ஒருவரே மிஷன் வாழ்வை விவரிக்கும் அரிய சாட்சியம் அது. ஆனால் நிகழ்ந்தபோது அவர் பிறக்கவே இல்லை. தந்தையிடம் கேட்டதை அறுபது ஆண்டுகளுக்குப் பின் சொல்கிறார். கொலை நடந்தது உறுதி. யார் என்ன பேசினர் என்ற விவரங்களை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது, இனப்படுகொலை என்ற சொல். ஒரு மக்களை அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதை வைத்தே அந்தச் சொல்லை முடிவு செய்வார்கள் என்றால், பாதிரியார்களுக்கு உயிருள்ள கிறிஸ்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். அவர்கள் சாவதை விரும்பவில்லை. ஒரு மக்களின் மொழி, சடங்கு, குடும்பம், ஊர் ஆகியவற்றைத் திட்டமிட்டு அழிப்பதையும் அந்தச் சொல் தழுவும் என்றால், பொருந்தும். அறிஞர்கள் இதில் ஒருமிக்கவில்லை. நான் மிஷன்களைப் பற்றிப் பேசும்போது கட்டாய உழைப்பு என்றும் சிறைவைப்பு என்றும் எழுதுகிறேன். 1850-க்குப் பின் நடந்ததற்குத் தயங்காமல் இனப்படுகொலை என்கிறேன்.

அந்தப் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிகோவின் அரசு 1833-34-இல் மிஷன்களைக் கலைத்தது. நிலத்தில் ஒரு பகுதி பழங்குடிகளுக்குச் சேர வேண்டும் என்பது ஏட்டில் இருந்தது. நடைமுறையில் அது செல்வாக்குள்ள பண்ணைக் குடும்பங்களுக்குப் போயிற்று. விதிவிலக்குகள் மிகச் சில. சான்டா கிளாரா மிஷனில் வளர்ந்த லோப்பெ இனிகோ என்பவருக்கு 1844-இல் கிடைத்த நிலத்தின் ஒரு பகுதிதான் இன்று மவுண்டன் வியூ அருகே மொஃபெட் விமானத்தளம் இருக்கும் இடம். அமெரிக்க ஆட்சி வந்ததும், 1850-இல் பழங்குடிகளின் பாதுகாப்புக்கு என்று பெயரிட்டு இயற்றிய சட்டம் அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொடுக்க வழிசெய்தது. 1851-இல் ஆளுநர் பர்னெட் பழங்குடிகள் அற்றுப்போகும்வரை போர் தொடரும் என்று சட்டமன்றத்துக்கே எழுதினார். 1851-52-இல் கலிஃபோர்னியப் பழங்குடிகளோடு செய்த 18 உடன்படிக்கைகளை அமெரிக்க செனட் ஏற்க மறுத்தது மட்டுமன்றி, 1905 வரை மூடி வைத்தது. ஸ்பானியர்களைத் திட்டிவிட்டு இதை விட்டுவிடுகிற பாடப்புத்தகங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஓலோனி மக்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு, இருக்கிறார்கள் என்பதே பதில். மிஷன் கலைந்தபின் பல குடும்பங்கள் ப்ளெசன்டன் அருகே அலிசால் என்ற இடத்தில் கூடி வாழ்ந்தன. 1925-இல் மானிடவியலாளர் க்ரோபெர், நடைமுறையில் இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று எழுதினார். அதே ஆண்டுகளில் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் ஹோசே குஸ்மானிடமும் மரியா கொலோஸிடமும் சோச்சென்யோ மொழியைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அற்றுப்போனவர்களிடம் பேட்டி எடுக்க முடியாது. ஆனால் க்ரோபெரின் வாக்கியம்தான் எடுபட்டது. 1927-இல் ஓர் அரசு அதிகாரி அந்தக் குழுவுக்கு நிலம் தேவையில்லை என்று எழுதி முடித்தார், பழங்குடியாக ஏற்கும் கூட்டரசின் அங்கீகாரம் கைநழுவியது. அவர்களின் வழித்தோன்றல்களான முவெக்மா ஓலோனியர் மீண்டும் கோரியபோது 2011-இல் மறுக்கப்பட்டது. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, சுனோல் அருகே அகழ்ந்தெடுத்த சுமார் 2,000 ஆண்டு பழைய எலும்புகளுக்கும் இன்றைய முவெக்மா மக்களுக்கும் தொடர்ச்சி இருப்பதைக் காட்டியிருக்கிறது. அங்கீகாரம் மட்டும் இன்றுவரை எந்த ஓலோனிக் குழுவுக்கும் இல்லை. இருந்தும் பெர்க்லியில் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த, மட்டி ஓடுகள் குவிந்த பழைய மேட்டு நிலம் 2024-இல் ஓலோனிப் பெண்கள் முன்னின்று நடத்தும் நில அறக்கட்டளையின் கைக்கு வந்தது. சான் ஹுவான் பவுட்டிஸ்டா மிஷனின் பாதிரியார் அர்ரோயோ எழுதிவைத்த முட்சுன் சொற்றொடர்களையும், 1930-இல் இறந்த அசென்சியோன் சொலோர்சானோ ஹாரிங்டனுக்குச் சொல்லிச்சென்றவற்றையும் கொண்டு, அந்த மொழியைப் பேச இளையவர்கள் கற்கிறார்கள். ஒரு மிஷன் பாதிரியார் தயாரித்த குறிப்பேடு இதற்குப் பயன்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மகளின் பாடத்துக்கு வருகிறேன். சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி மிஷன் மாதிரி செய்யச் சொல்வது இங்கே நெடுநாள் வழக்கம்; அதனால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று 2016-இல் கலிஃபோர்னியாவின் பாடத்திட்ட வழிகாட்டியே சொல்லிவிட்டது. கட்டடத்துக்குப் பதிலாக ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம்: லோப்பெ இனிகோ, அசிசாரா, மட்டி பொறுக்கப் போன மிலான். நீங்கள் பார்த்த தேவாலயம் 1868 நிலநடுக்கத்தில் பழையது இடிந்தபின், 1980-களில் மீண்டும் எழுப்பியது. அங்கிருந்து வாஷிங்டன் பவுல்வார்டு வழியாக ஒரு மைல் போனால் வேலியிட்ட ஒரு புல்வெளி வரும். சுமார் 4,000 பழங்குடிகள் அங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று ஒரு பலகை சொல்கிறது. தனித்தனிக் கல்லறைகள் இல்லை. 1960-களில் நெடுஞ்சாலைத் திட்டத்திலிருந்து தப்பிய அந்த நிலம் 1971-இல் ஓலோனியர் பெயருக்கு மாற்றப்பட்டது. மிஷன் பீக் ஏறப் போகும் வழியில் ஒருநாள் மகளோடு அங்கே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.